கையில் இருப்பதும் சொந்தமாக இருப்பதும்

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களிடையே ஒரு பயம் வெகுகாலமாக உலவுகிறது. ஒரே ஆள் பன்னிரண்டு வருடம் குடியிருந்துவிட்டால் வீடு அவருக்கே போய்விடுமாம். பதினொரு மாத ஒப்பந்தம் போடுவதே இதைத் தடுக்கத்தான் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. பதினொரு மாதக் கணக்குக்குக் காரணம் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. அந்தச் செலவை மிச்சம் பிடிக்க ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று சொல்லிவிட்டதால் அந்தத் தந்திரத்துக்கும் இப்போது மதிப்பில்லை. பன்னிரண்டு வருடக் கதைக்கு மூலம் வேறொரு சட்டம். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

"இது யாரிடம் இருக்கிறது?" என்பது ஒரு கேள்வி. "இது யாருடையது?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வரும் விடையைச் சட்டம் உடைமை என்கிறது. நீதிமன்றத் தமிழில் சுவாதீனம், பத்திரத் தமிழில் அனுபவம், அனுபோகம். இரண்டாவது கேள்விக்கு வரும் விடை உரிமை, பத்திரத்தில் பாத்தியதை. பெரும்பாலும் இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள்தான் விடை என்பதால் வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. விடைகள் பிரியும்போதுதான் வக்கீலைத் தேடுகிறோம்.

உருபு செய்யும் வேலை

சட்டத்துக்குப் போகும் முன், தமிழ் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை இலக்கணமாகவே கையாள்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் வீடு, தம்பி, காய்ச்சல், பேனா எல்லாவற்றையும் ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிடுவார்கள். தமிழில் அப்படி ஒரு வினை இல்லை. 'இரு' என்ற வினையோடு ஒரு வேற்றுமை உருபைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எந்த உருபைச் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

'எனக்கு ஒரு வீடு இருக்கிறது' என்கிறோம். 'என்னிடம் உங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது' என்கிறோம். 'எனக்கு உங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. 'கு' உருபு ஒட்டுறவையும் உரிமையையும் காட்டுகிறது; 'இடம்' என்ற உருபு பொருள் இப்போது எங்கே நிற்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. 'எனக்கு இரண்டு தம்பிகள்' என்றால் குடும்பச் செய்தி. 'என்னிடம் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்றால் பிள்ளை பிடிப்பவன் தொலைபேசியில் பேசுவதுபோல் இருக்கிறது. 'அவரிடம் பணம் இருக்கிறது' என்ற வாக்கியம், அந்தப் பணம் அவருடையதா, சீட்டுப் பிடித்த பணமா, கோயில் திருப்பணிக்கு வசூலித்த பணமா என்று எதையும் சொல்வதில்லை. பேச்சில் கொஞ்சம் தாராளம் உண்டு என்பதும் உண்மை. நூறு ஏக்கருக்குச் சொந்தக்காரரையும் 'அவரிடம் நூறு ஏக்கர் இருக்கிறது' என்கிறோம். ஆனால் சந்தேகம் வந்தால் 'சொந்தமாகவா, குத்தகையா?' என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

ஆறாம் வேற்றுமை இன்னும் வழுக்கலானது. குடியிருப்பவரும் 'என் வீடு' என்பார். வீட்டுக்காரரும் 'என் வீடு' என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. 'என் பஸ் வந்துவிட்டது' என்று ஓடுகிறவர் போக்குவரத்துக் கழகத்தை விலைக்கு வாங்கியவர் அல்லர். 'என் ஊர்', 'என் டாக்டர்', 'என் தலைவலி' எல்லாம் இப்படித்தான். ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்று மட்டும் அந்த உருபு சொல்கிறது. எந்தத் தொடர்பு என்பதைக் கேட்பவர் ஊகித்துக்கொள்கிறார்.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். நன்னூல் ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என்று இரண்டாக வகுக்கிறது. கிழமை என்றால் உரிமை. நிலக்கிழார் என்பதில் இருப்பதும் அதுவே. சாத்தனது கை என்பது தற்கிழமை: கை அவனிடமிருந்து பிரிக்க முடியாத உறுப்பு. முருகனது வேல் என்பது பிறிதின் கிழமை: வேல் தனிப்பொருள், கைமாறக்கூடியது. இன்றைய மொழியியலும் உலக மொழிகளை ஆராயும்போது இதே கோட்டைத்தான் போடுகிறது. ஃபிஜி மொழி இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தலை, தாய் போன்றவற்றுக்கு உரிமை விகுதி சொல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றுக்குத் தனிச்சொல் வரும், அதிலும் உண்பதற்கு ஒன்று, குடிப்பதற்கு ஒன்று, ஏனையவற்றுக்கு ஒன்று. சட்டம் அக்கறை கொள்வது பிறிதின் கிழமையில்தான். பிரிக்க முடிந்த பொருளுக்குத்தானே வழக்கு வரும்.

பிடியும் எண்ணமும்

உடைமை என்றால் என்ன? கையில் பிடித்திருப்பதா? துபாயில் வேலை பார்ப்பவர் மதுரையில் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை வந்து தூசி தட்டுகிறார். அந்த வீடு அவருடைய சுவாதீனத்தில்தான் இருக்கிறது. ஓட்டலில் நாம் கையில் வைத்துச் சாப்பிடும் கரண்டியோ நம் உடைமை ஆவதில்லை. ஆக, விரல்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்பது அளவுகோல் இல்லை.

ஜெர்மன் சட்ட அறிஞர் சாவிக்னி 1803-இல், தம் 24-ஆம் வயதில், உடைமை பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். ரோமானிய மூலங்களிலிருந்து அவர் எடுத்துக்காட்டிய இரண்டு கூறுகளை இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்: பொருளின்மீது ஒரு பிடி இருக்க வேண்டும், அதைத் தனக்கென்று வைத்திருக்கும் எண்ணமும் இருக்க வேண்டும். பூட்டும் சாவியும் பிடிக்குப் போதும். கரண்டியில் எண்ணம் இல்லை. முதலாளியின் காரை ஓட்டும் டிரைவரிடம் கார் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது முதலாளியின் உடைமையிலேயே இருக்கிறது. ஒருவர் சார்பாக அவருடைய மனைவியோ எழுத்தரோ வேலையாளோ வைத்திருக்கும் பொருள் அவர் வசம் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக 2023-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 'மனைவி' என்பது 'வாழ்க்கைத் துணை' ஆகியிருக்கிறது. தாமதமான திருத்தம்தான்.

டிரைவர் நிலை வேறு, சட்டையைத் தேய்க்க வாங்கிப் போனவர் நிலை வேறு. தேய்ப்பவர் நம் வேலையாள் அல்லர். தம் கடையில், தம் பொறுப்பில் வைத்திருக்கிறார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை ஒப்படைப்பு என்கிறது. சட்டை நம்முடையது, உடைமை அவருடையது. அவர் கடையிலிருந்து யாராவது சட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், உரிமையாளராகிய நாம் வழக்குப் போடலாம் என்பதுபோலவே அவரும் போடலாம். 180-வது பிரிவு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

கடன் வாங்கும் இடத்தில் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடப்பதைப் பார்க்கலாம். நகைக்கடனில் நகை வங்கியின் பெட்டகத்துக்குப் போகிறது. உரிமை நம்மிடமே நிற்கிறது. கடனைக் கட்டாவிட்டால் முறையாக அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் வங்கி அதை விற்க முடியும். வாகனக் கடனில் வண்டி நம் வாசலில் நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் ஏறியிருக்கிறது. அந்தப் பெயரை நீக்கும்வரை வண்டியை நிம்மதியாக விற்க முடியாது. நெல்லையிலும் குமரியிலும் பேசப்படும் ஒத்தியில் மூன்றாவது வகை: பணம் கொடுத்தவர் நிலத்தில் இறங்கி விளைச்சலை எடுத்துக்கொள்வார், வட்டி கிடையாது, பணம் திரும்பியதும் நிலம் திரும்ப வேண்டும். பலன் ஒருவருக்கு, உரிமை இன்னொருவருக்கு.

தன் பொருளைத் தானே திருடலாம்

இது வேடிக்கைப் பேச்சு இல்லை. திருட்டு என்ற குற்றத்தை 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 378-வது பிரிவு எப்படி வரையறுத்தது என்று கவனியுங்கள். இன்னொருவரின் உடைமையிலிருந்து, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு ஓர் அசையும் பொருளை நகர்த்துவது திருட்டு. இன்னொருவருக்குச் சொந்தமான பொருள் என்ற சொல் அதில் இல்லை. உடைமையிலிருந்து என்றுதான் இருக்கிறது.

பிரிவோடு சேர்த்துக் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டுகளில் மூன்று ஒரு கடிகாரத்தைச் சுற்றி வருகின்றன. ஒருவர் தம் கடிகாரத்தைச் சரிபார்க்கக் கடிகாரக்காரரிடம் கொடுக்கிறார். கூலிபாக்கி எதுவும் இல்லை. கடைக்குள் பகிரங்கமாக நுழைந்து கடிகாரத்தைப் பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டு போகிறார். அத்துமீறலும் தாக்குதலும் ஆகலாம். திருட்டு ஆகாது, ஏனென்றால் நேர்மையற்ற எண்ணம் இல்லை. அதே ஆள் பழுதுபார்த்த கூலியைத் தர வேண்டியிருக்கிறது. கூலி வரும்வரை கடைக்காரர் கடிகாரத்தை நியாயமாகப் பிடித்து வைத்திருக்கிறார். இப்போது அந்த ஈட்டைக் கடைக்காரர் இழக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனால் திருட்டு. கடிகாரத்தை அடகு வைத்துவிட்டு, கடனைத் தீர்க்காமல், அடகுக்காரருக்குத் தெரியாமல் எடுத்து வந்தாலும் திருட்டு. சொந்தக் கடிகாரம்தான் என்று சட்டமே ஒப்புக்கொண்டு, ஆனாலும் திருட்டுதான் என்று முடிக்கிறது. இப்போது இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் இருக்கிறது; கடிகாரமும் உடன் வந்திருக்கிறது.

வெறும் கைவசத்துக்கு ஏன் இத்தனை மரியாதை

சொந்தக்காரருக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் போதாதா, கையில் வைத்திருப்பவருக்கும் எதற்கு? புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் முரண்டுகிறார்கள். முரண்டுவது நியாயம்தான்.

1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-வது பிரிவைப் பாருங்கள். சட்டப்படியான வழியில் அல்லாமல் ஒருவரை நிலத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே வரலாம். வெளியேற்றியவர் 'நான்தான் சொந்தக்காரன், இதோ பத்திரம்' என்று சொன்னாலும் அந்த வழக்கில் அது எடுபடாது. உரிமையை நிலைநாட்ட அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வாசலைச் சட்டம் மூடவில்லை. ஆனால் முதலில் பிடுங்கியதைக் கொடுத்துவிட்டு வா என்கிறது. அரசை எதிர்த்து இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது என்பது இதிலுள்ள பெரிய ஓட்டை.

நிலத் தகராறு முற்றி அடிதடி வரும் நிலையில் கோட்டாட்சியர் முன் போகும் விசாரணையும் இப்படித்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 145-வது பிரிவு, புதியதில் 164. யாருக்குப் பாத்தியம் என்று அவர் பார்க்க மாட்டார். அன்றைய தேதியில் உண்மையில் யார் அனுபவத்தில் இருந்தார் என்பதை மட்டும் பார்த்து, நீதிமன்றம் வேறு சொல்லும்வரை அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று உத்தரவிடுவார்.

காரணம் இரண்டு. முதலாவது, அமைதி. ஒவ்வொரு சொந்தக்காரரும் ஆள் திரட்டி வந்து தாமே மீட்டுக்கொள்ளலாம் என்றால், ஆள் திரட்ட முடிந்தவர் எல்லோரும் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள். ரோமில் பிரீட்டர் என்ற நீதி அதிகாரி உடைமையைக் காக்கத் தனித் தடையாணைகள் பிறப்பித்தது இதற்காகவே. உரிமைக்கும் உடைமைக்கும் பொதுவாக ஒன்றுமில்லை என்று உல்பியன் என்ற ரோமானியச் சட்ட அறிஞர் எழுதிய வரி இந்த இயலின் அடிக்கல்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: உரிமையை நிரூபிப்பது கஷ்டம். நீங்கள் கட்டியிருக்கும் கைக்கடிகாரம் உங்களுடையதுதான் என்று இந்த நிமிடம் நிரூபிக்கச் சொன்னால் என்ன காட்டுவீர்கள்? ரசீது எங்கே? ஆகவே சட்டம் சுமையைத் திருப்பிப் போடுகிறது. கையில் வைத்திருப்பவர் உரிமையாளர் அல்லர் என்று யார் சொல்கிறாரோ அவர்தான் நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 110-வது பிரிவாக இருந்த விதி இது.

1722-இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல விளக்கம். புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனுக்குக் கல் பதித்த நகை ஒன்று கிடைத்தது. மதிப்புப் பார்க்கப் பொற்கொல்லர் கடைக்கு எடுத்துப் போனான். கடையில் வேலை பழகும் பையன் எடை போடுவதுபோல் பாவனை செய்து கற்களைக் கழற்றிவிட்டு, மூன்று அரைப்பென்னி பெறும் என்றான். சிறுவன் காசு வேண்டாம், பொருளைக் கொடு என்றான். கல் இல்லாத வெறும் கூடு திரும்பி வந்தது. வழக்கு மன்றம் போனது. கடைக்காரர் பக்கம் என்ன வாதம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: நகை இவனுடையதே இல்லையே! நீதிமன்றம் அதற்கு மசியவில்லை. கண்டெடுத்தவன் முழு உரிமையாளன் ஆகவில்லைதான். ஆனால் உண்மையான உரிமையாளரைத் தவிர உலகில் மற்ற எல்லோரையும்விட அவனுக்கு உரிமை கூடுதல் என்றது. இழப்பீட்டைக் கணக்கிடவும் ஒரு வழி சொன்னது. கடைக்காரர் கல்லைக் கொண்டுவந்து காட்டாவிட்டால், அந்தக் கூட்டில் பொருந்தக்கூடிய மிக உயர்ந்த தரக் கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜூரிகளுக்கு அறிவுறுத்தியது. ஆர்மரி எதிர் டெலமிரி என்ற பெயரில் முந்நூறு ஆண்டுகளாக இதைப் படிக்கிறார்கள். தோற்ற கடைக்காரர் அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற வெள்ளிக் கைவினைஞர்களில் ஒருவர்.

இந்த வழக்கு சொல்லித்தரும் முக்கியமான செய்தி, உரிமை என்பது பெரும்பாலும் ஒப்பீட்டு விஷயம் என்பதே. 'உனக்கு முழு உரிமை இருக்கிறதா?' என்று நீதிமன்றம் கேட்பதில்லை. எதிரில் நிற்பவரைவிட உன் உரிமை பலமானதா என்றுதான் கேட்கிறது.

பத்திரமும் பட்டாவும்

நிலத்துக்கு வந்தால் இந்த ஒப்பீடு காகிதங்களில் நடக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தால்தான் விற்க முடியும். அந்த நூறு ரூபாய் 1882-இன் நூறு ரூபாய். கிரய ஒப்பந்தம் மட்டும் போட்டு முன்பணம் கொடுத்தவருக்கு அதனால் நிலத்தில் உரிமை எதுவும் பிறப்பதில்லை என்று அதே 54-வது பிரிவு சொல்கிறது. கிரயப் பத்திரம் பதியாமல் பொது அதிகாரப் பத்திரத்தை வைத்தே விற்பனையை முடிக்கும் வழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் முற்றுப்புள்ளி வைத்தது.

பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். வரி யார் கட்ட வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் பேரேடு அது. பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது, பெயர் இல்லாததால் போய்விடாது என்று நீதிமன்றங்கள் அலுக்காமல் சொல்லி வருகின்றன. மக்களும் அலுக்காமல் பட்டாவையே நம்பி வருகிறார்கள். பதிவு அலுவலகமோ நடந்த பரிவர்த்தனையைப் பதிகிறது. விற்பவருக்கு உண்மையிலேயே பாத்தியதை உண்டு என்று உத்தரவாதம் தருவதில்லை. விற்பவரின் மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது, பதிவு அதிகாரிக்கு உரிமையை ஆராயும் வேலை மூலச் சட்டத்தில் இல்லை என்பதையே காரணம் காட்டியது. அதனால்தான் வாங்குகிறவர் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் என்று முப்பது ஆண்டுக் காகிதங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் நில உரிமை என்பது அறுபடாத ஒரு காகிதச் சங்கிலி.

பழைய கிரயப் பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் படித்துப் பாருங்கள். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவீர்' என்ற நடையில் போகும். வெற்று ஆடம்பரம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் உரிமை என்பது எவற்றின் தொகுப்பு என்ற கேள்விக்கு அதில் நேர்த்தியான விடை இருக்கிறது: அனுபவிக்கலாம், தானம் தரலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுப் போகலாம். கல்வெட்டுக் காலத்திலிருந்து வரும் அஷ்டபோகப் பட்டியலும் சில பத்திரங்களில் தொடரும்: நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். புதையலும் தண்ணீரும் கல்லும், இனிமேல் விளையப்போவதும் எல்லாம் அடக்கம்.

எழுதி வைத்ததாலேயே எல்லாம் வந்துவிடாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் யாரும் இல்லை என்று ஆகி, அரசும் எடுத்துக்கொள்ளாமல், வேறு உடன்பாடும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. பத்திரத்தில் 'நிதி நிக்ஷேபம்' என்று எழுதி வாங்கியவருக்குக் கால், மண்வெட்டி பிடித்தவருக்கு முக்கால்!

பன்னிரண்டு ஆண்டுகள்

இப்போது அந்தக் கதைக்கு வரலாம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், தன் நிலத்தை இன்னொருவர் எதிரிடையாக அனுபவிக்கத் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் உரிமையாளர் வழக்குப் போட வேண்டும் என்கிறது. அரசு நிலமானால் முப்பது ஆண்டுகள். கெடு முடிந்தால் வழக்குப் போடும் வாய்ப்பு மட்டும் போவதில்லை. 27-வது பிரிவின்படி உரிமையே அற்றுப்போகிறது. இதுதான் எதிரிடை அனுபவம். ரோமானியர்களின் பன்னிரு பலகைச் சட்டத்திலும் இதற்கு முன்னோடி உண்டு: நிலத்துக்கு இரண்டு ஆண்டு, மற்றவற்றுக்கு ஓராண்டு.

எந்த அனுபவம் எதிரிடையானது? பலவந்தம் இல்லாமல், ஒளிவுமறைவு இல்லாமல், உரிமையாளரின் அனுமதியில் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். வாடகைதாரர் இருப்பதே அனுமதியில். மாதாமாதம் வாடகை கொடுப்பது, 'இது உன்னுடையது' என்று மாதாமாதம் ஒப்புக்கொள்வதற்குச் சமம். பன்னிரண்டு அல்ல, நாற்பது ஆண்டு இருந்தாலும் அது எதிரிடை ஆவதில்லை. சும்மா இருந்துகொள் என்று உறவினரைக் குடியேற்றியதும், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்ததும் இதே கணக்குதான். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாடகை உறவைச் சட்டப்படி முடித்த பிறகும் ஆள் காலி செய்யாவிட்டால், முடித்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஊர்ப் பேச்சு இதிலிருந்து கிளம்பியதாக இருக்கலாம்.

இந்த விதி பலருக்கு எரிச்சல் மூட்டுகிறது. உச்ச நீதிமன்றமே 2008-இல் ஒரு தீர்ப்பில் இது அறிவுக்கும் தர்க்கத்துக்கும் பொருந்தாதது, நேர்மையற்றவருக்குக் கிடைக்கும் வரவு என்ற பொருளில் கடிந்துகொண்டு, சட்டத்தை மறுபரிசீலனை செய்யுமாறு அரசுக்குச் சொன்னது. 2019-இல் அதே நீதிமன்றம், எதிரிடை அனுபவத்தால் உரிமை பெற்றவர் அதைக் கேடயமாக மட்டுமல்லாமல் வாளாகவும் பயன்படுத்தலாம், தாமே வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் சட்ட ஆணையம் தன் 280-வது அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்று முடித்தது. என் எண்ணத்தில், தனியார் நிலத்தில் இந்த விதி இருப்பது தவறில்லை. ஒரு தலைமுறைக்கு முந்தைய சாட்சிகளை எங்கே போய்த் தேடுவது? ஆனால் வெளியூர், வெளிநாடு போனவர்களின் காலிமனைகளை வளைப்பவர்களுக்கும் இது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

விருப்பத்தோடு ஊரைவிட்டுப் போகாதவர்கள் விஷயத்தில் இது கொடுமையாகவே முடியும். இலங்கையில் 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்தே ஆண்டு அனுபவத்தில் காணியின் உரிமையைத் தருகிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னாரிலும் வீட்டைப் போட்டபடி ஓடியவர்கள் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, கையில் வைத்திருந்தாலும் காணிக்கு வர வழியில்லை. அதற்குள் இன்னொருவர் அங்கே இருந்து பத்தாண்டு கடந்துவிடும். 2016-இல் கொண்டுவந்த 5-ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம், போரின் காரணமாக நீதிமன்றம் போக முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது.

கையே இல்லாத உரிமையாளர்கள்

கோயில் மூர்த்தி சொத்துக்கு உரிமையாளராக இருக்க முடியும் என்பதை இந்தியச் சட்டம் ஏற்கிறது. அன்று இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1925-இல் இதை உறுதிசெய்தது. சோழர் காலச் சிவன் கோயில்களில் நில விற்பனைகள் சண்டேசுவரர் பெயரில் நடந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. உரிமை சாமிக்கு, அனுபவம் எப்போதும் ஒரு மனிதர் கையில். அந்த மனிதர் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதைக் கோயில் நில வழக்குகள் எதையும் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பங்குச் சந்தையில் பணம் போட்டவர்களும் இதுபோன்ற ஓர் ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறார்கள். 1996-ஆம் ஆண்டின் வைப்பகச் சட்டப்படி, டிமேட் கணக்கில் மின்னணு வடிவிலுள்ள பங்குகளுக்குப் பதிவேட்டு உரிமையாளர் வைப்பக நிறுவனம். ஈவுத்தொகையும் வாக்கும் பயனுரிமையாளராகிய நமக்கு. காகிதம் எதுவும் யாரிடமும் இல்லை.

மின்னூல், திரைப்படம், விளையாட்டு என்று இணையக் கடையில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது பல நேரங்களில் நமக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே. கடை நினைத்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், இது உரிமம்தான் என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஒரு விலக்கும் உண்டு: இணையத் தொடர்பே இல்லாமல் பார்க்கும்படி நிரந்தரமாக இறக்கி, தன்னிடமே வைத்துக்கொள்ளக்கூடிய கோப்பாக இருந்தால் அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது.